பழியை வென்ற நீதி

ஏதென்ஸ் நகருக்கு அருகே எலூசிஸ் என்னும் ஊரில், ஏறத்தாழக் கி.மு. 525ஆம் ஆண்டில் ஈஸ்கிலஸ் பிறந்தார். கிரேக்கத் துன்பியல் நாடகத்தின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது.

ஈஸ்கிலஸ் நாடக ஆசிரியர் மட்டுமல்லர், போர்வீரரும் ஆவார். கி.மு. 490இல் பாரசீகப் படை மாரத்தானில் வந்து இறங்கியபோது, அவர் தம் நகரைக் காக்கப் போரிட்டார். அப்போரில் அவருடைய உடன்பிறந்தார் உயிர்நீத்தார்.

அதுவரை நாடகத்தில் ஒரு நடிகரும் பாடற்குழுவினரும் மட்டுமே தோன்றினர். ஈஸ்கிலஸ் இரண்டாம் நடிகரை மேடையேற்றினார். அதனால் இரு கதைமாந்தர் நேருக்கு நேர் நின்று வாதிட வழி பிறந்தது.

கி.மு. 458இல் அவர் அரங்கேற்றிய ஒரெஸ்தியா என்னும் நாடகத் தொகுதி முதற்பரிசு பெற்றது. பழி ஒரு குடும்பத்தை அழித்த கதை அது. மன்னன் அகமெம்னான், தன் கப்பற்படை திராய் நகருக்குச் செல்வதற்காக மகள் இஃபிஜீனியாவைப் பலியிட்டான். பத்தாண்டுப் போரில் வென்று திரும்பிய அவனை, மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ரா இன்முகம் காட்டி வரவேற்று, வஞ்சகமாகக் கொன்றாள். தந்தைக்காகப் பழிவாங்க எழுந்த மகன் ஒரெஸ்தஸ், பெற்ற தாயையே கொன்றான். உடனே பழிதீர்க்கும் தெய்வங்கள் அவனைத் துரத்தின.

ஒவ்வொருவரும் நீதி தம் பக்கமே உள்ளது என நம்பினர். எனினும், ஒவ்வொரு கொலையும் அடுத்த கொலைக்கே வித்திட்டது. இதற்கு முடிவு காண, அதீனா தேவி ஏதென்ஸ் மக்களை நடுவராகக் கொண்டு நீதிமன்றம் அமைத்தாள். இரு தரப்பினரும் வாதிட்டனர். வாக்குகள் சமமாகப் பிரிந்தமையால் ஒரெஸ்தஸ் விடுதலை பெற்றான். சினங்கொண்ட தெய்வங்களை அதீனா இன்சொல்லால் தணித்து, நகரைக் காக்கும் தெய்வங்களாக அங்கேயே இடமளித்தாள். வாளால் முடியாததை வழக்கு முடித்து வைத்தது. போர்க்களத்தில் குருதியைக் கண்டவரே குருதிப்பழிக்கு முடிவு தேடினார்.

ஈஸ்கிலஸ் ஏறத்தாழக் கி.மு. 456இல் சிசிலித் தீவிலுள்ள கெலா நகரில் மறைந்தார். அவர் எழுதிய நாடகங்கள் பல. அவர் பெயரில் இன்று முழுமையாகக் கிடைப்பவை ஏழே. அவற்றுள் ஒரெஸ்தியாவின் மூன்று நாடகங்களும் அடங்கும்.

சிந்தித்து விடை எழுதுக

1. இரண்டாம் நடிகரின் வருகையால் நாடகத்தில் ஏற்பட்ட மாற்றம் யாது?
2. ஒரெஸ்தஸின் வழக்கில் நீ நடுவராக இருந்தால் எவ்வாறு வாக்களிப்பாய்? காரணம் கூறுக.