மலாயா கணபதி: புடு சிறையில் முடிந்த போர்வீரனின் வாழ்க்கை

லெம்பா பெர்த்தாம், மே 4 – 1949-ஆம் ஆண்டு இதே நாளில் கோலாலம்பூர் புடு சிறையில் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். நேதாஜியின் படையில் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். தோட்டத் தொழிலாளிக்காகச் சங்கம் வளர்த்தவர். நாற்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை.

தஞ்சாவூர் மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி, சிறுவனாக மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரில் படித்தார். 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். அதுவரை பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி ஏந்தின. துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் தலை குனிந்து பழகியவர்கள் நெஞ்சு நிமிர்த்தி அணிவகுத்தார்கள். அந்தப் படையின் பயிற்சிப் பள்ளியில் கணபதி போதகராக இருந்தார்.

1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் படை கலைந்தது. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்குத் தோட்டத்தில் காத்திருந்தது அரிசித் தட்டுப்பாடும் பழைய துரைமாரும்தான். ஆனால் படையில் நின்று வந்தவனைப் பழையபடி குனிய வைக்க முடியவில்லை. அதன் பிறகு எழுந்த வேலைநிறுத்தங்களுக்குச் சம்பளத்தைப் போலவே இதுவும் ஒரு காரணம்.

கணபதி தொழிற்சங்கத்தில் இறங்கி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். சீனர், இந்தியர், மலாய்க்காரர் என மூவினத் தொழிலாளரும் சேர்ந்திருந்த அமைப்புக்கு ஒரு தமிழர் தலைவர். அதில் கம்யூனிஸ்டு கட்சியின் செல்வாக்கு பலமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடெங்கும் எமர்ஜென்சி வந்தது. கேமரன் மலைத் தோட்டங்கள் உட்பட நாடு முழுவதும் 12 ஆண்டுகள் அதன் கீழ் வாழ்ந்தது. சம்மேளனம் அதற்கு முன்பே தடை செய்யப்பட்டிருந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை என்று சட்டம் வந்தது. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை.

1949 மார்ச் 1-ஆம் தேதி, ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டப் பகுதியில் கணபதி பிடிபட்டார். கையில் ஒரு ரிவால்வர், ஆறு தோட்டாக்கள். கண்டெடுத்த அதைப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தார் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. நேரு அரசாங்கம் கருணை கேட்டது. பிரிட்டிஷ் தரப்பு இறங்கி வரவில்லை. பிடிபட்டதற்கும் தூக்குக்கும் இடையே இரண்டு மாதம், மூன்று நாள். முதல் நாள்தான் அவருடைய தோழர், தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் நெகிரி செம்பிலானில் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இந்த அவசரம் எதற்கு என்ற கேள்வியைச் சாம்பசிவம் வழக்கு இன்னும் கூர்மையாக்குகிறது. அவரும் தமிழர். துப்பாக்கி வைத்திருந்ததாக ஜொகூரில் பிடிபட்டு, அதே சட்டத்தில் மரண தண்டனை பெற்றவர். அவர் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950-இல் தண்டனை ரத்தாகி உயிர் தப்பினார். கணபதிக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை.

புடு சிறை 2012-க்குள் முழுதாக இடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் இப்போது லாலாபோர்ட் பேரங்காடி நிற்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்க நம்மவர்களும் அங்கே போய் வருகிறார்கள்.