ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா

அச்சுவேலிப் பக்கம் கோயில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் நாதஸ்வரமும் தவிலும் வீதியெங்கும் கேட்கும். அந்த வாத்தியத்தின் பெருங்கலைஞர்களில் ஒருவர் ஒரு முஸ்லிம் என்பது நம் இளைய தலைமுறையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஷேக் சின்ன மௌலானா 1924 மே 12ஆம் திகதி ஆந்திராவில் ஒங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி கிராமத்தில் பிறந்தார். அந்தப் பகுதியில் பல தலைமுறைகளாக நாதஸ்வரம் வாசித்துவந்த முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு அது பரம்பரைத் தொழில். கோயில்களிலும் திருமணங்களிலும் வாசித்தே குடும்பம் நடத்தினார்கள். சின்ன மௌலானாவும் முதலில் தந்தையிடம் கற்றார். பிறகு சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபிடம் பயின்றார்.

தொழில் தெரிந்த பின்னும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவரைத் தஞ்சாவூர்ப் பாணியின் பக்கம் இழுத்தது. நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். தாய்மொழி தெலுங்கு, மார்க்கம் இஸ்லாம், கற்க வந்ததோ காவிரிக்கரைக் கலை. நாதஸ்வரத்தில் சக்ஸபோனைப் போல விசைகள் கிடையாது. விரலும் உதடும் மூச்சும் சீவாளியும்தான் சுரத்தை வளைக்க வேண்டும். அந்த நுணுக்கம் பல ஆண்டு உழைப்பில்தான் கைவரும்.

1960களில் அவர் ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். வைணவர்களின் பெருந்தலமான அந்த ஊர் அவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டது. இலங்கை ரசிகர்களும் அவரைக் கேட்டு மகிழ்ந்தார்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தமிழகத்துக்குத் தந்த யாழ்ப்பாணத்துக்கு நல்ல வாசிப்பின் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1977இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1982இல் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நிறுவி மாணவர்களை உருவாக்கினார். 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது வந்தது. பாட்டுக்கும் வீணைக்கும் கிடைத்த சபை மரியாதை கோயில் வாசலில் நின்று வாசிப்பவர்களுக்கு எளிதில் கிடைத்ததில்லை. அதனால் அந்த விருது ஒரு தொழிலுக்கே கிடைத்த கௌரவம். அடுத்த ஆண்டு, 1999 ஏப்ரல் 13ஆம் திகதி, அவர் காலமானார். பேரர்கள் காசிமும் பாபுவும் அந்தக் கலையைத் தொடர்ந்தார்கள்.

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடமே விட்டுவிடுவோம். கோயிலில் வாசித்ததை ஏற்காத முஸ்லிம்கள் இருக்கலாம். முஸ்லிம் ஏன் வாசிக்க வேண்டும் என்று நினைத்த இந்துக்களும் இருந்திருக்கலாம். இரு தரப்பாரின் தயக்கத்துக்கும் நடுவில்தான் அவர் தன் பெயரை மாற்றிக்கொள்ளாமலே எழுபத்து நான்கு வயது வரை வாழ்ந்தார்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்டார்கள். சோனகதெருவுக்குத் திரும்பியவர்கள் இன்னமும் அயலவரோடு பழைய உறவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மேடைப் பேச்சுகளால் மட்டும் அந்த உறவு திரும்பாது. ஒருவரின் உழைப்பை மற்றவர் மதித்து, அவர் வாசலுக்கு இவரும் இவர் வாசலுக்கு அவரும் தயங்காமல் போய்வரும்போதுதான் திரும்பும். ஸ்ரீரங்கத்தில் ஒரு முஸ்லிம் கலைஞருக்கு அது வாய்த்தது. யாழ்ப்பாணத்திலும் அது நமக்கு அந்நியமானதல்ல. ஒரு காலத்தில் நாமே அப்படித்தான் வாழ்ந்தோம்.