அன்னை சாவித்திரிபாய் பூலே: பிறந்தகமும் புகுந்தகமும்

மராட்டிய நாட்டில், சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த நைகாவ் என்னும் சிற்றூரில், 1831 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3 ஆம் நாள் சாவித்திரிபாய் பிறந்தார். தந்தையார் கண்டோஜி நெவ்ஸே பாட்டீல்; தாயார் இலட்சுமி. மாலி எனப்படும் தோட்டக்காரச் சாதியினர். ஊரில் மதிப்புள்ள குடும்பந்தான்; ஆயினும் பெண் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் வழக்கம் அங்கும் இல்லை. 1840 இல், தமது ஒன்பதாம் வயதில், பூனா நகரைச் சேர்ந்த ஜோதிராவ் பூலேக்கு அவர் மனைவியானார். மணமகனுக்கு வயது பதின்மூன்று.

நைகாவிலிருந்து பூனா சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் இருப்புப்பாதை போடப்படாத அந்நாளில், ஒரு சிறுமிக்கு அது மற்றோர் உலகம். விளையாடிய தெருவும் கூடி ஆடிய தோழியரும் ஒரே நாளில் அயலாகிவிட, முன்பின் அறியாத வீட்டைத் தன் வீடு என்று சொல்லிப் பழக வேண்டும். கிறித்தவத் தொண்டர்கள் தந்த புத்தகம் ஒன்றை, படிக்கத் தெரியாமலேயே அச்சிறுமி தம்முடன் பூனாவுக்கு எடுத்து வந்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

மணமான பெண்ணுக்குப் படிப்பு முடிந்தது என்பது உலக வழக்கு. மாணவியின் பெயரை நீக்கி, காரணம் என்னும் இடத்தில் திருமணம் என்று எழுதும் கடமை என் போன்ற தலைமையாசிரியர்களுக்கு இன்றும் நேர்கிறது. சாவித்திரிபாய்க்கோ, திருமணத்திற்குப் பிறகுதான் படிப்பே தொடங்கிற்று. கணவரே ஆசானாக இருந்து எழுத்தறிவித்தார். பின்னர் அகமதுநகரிலும் பூனாவிலும் அம்மையார் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1848 இல் பூனாவில், பிடே என்பவரின் மாளிகையில் தொடங்கப்பெற்ற பெண்கள் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டு சென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார் அவர்.

புகுந்த வீடும் நிலைக்கவில்லை. ஊராரின் நெருக்குதலுக்கு அஞ்சிய மாமனார் கோவிந்தராவ், கல்விப் பணியைக் கைவிடுக, இல்லையேல் வீட்டைவிட்டு வெளியேறுக என்றார். 1849 இல் இருவரும் வெளியேறினர். தம் இல்லத்தில் இடம் கொடுத்தவர் உஸ்மான் ஷேக் என்னும் இசுலாமியர். அக்குடும்பத்தைச் சேர்ந்த பாத்திமா ஷேக் பள்ளிப் பணியில் சாவித்திரிபாய்க்குத் துணை நின்றார். மகர், மாங்கு முதலிய தீண்டப்படாத மக்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன. அங்குப் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங்குச் சிறுமி, தன் மக்களின் துயரை எடுத்துரைத்து எழுதிய கட்டுரை 1855 இல் அச்சேறியது. அப்போது அவளுக்கு வயது பதினான்கு.

1856 இல் அம்மையார் நோயுற்றார். உடல் தேற அவர் சென்ற இடம் நைகாவ். பிறந்தகத்தின் நிழல் அவருக்கு அப்போதுதான் வேண்டியிருந்தது. ஆனால் அங்கே உடன்பிறந்தவரே அவரைக் குறை கூறினார். மகர்களுக்கும் மாங்குகளுக்கும் பாடுபடுவதால் குடும்பத்துக்கு இழிவு நேர்ந்தது என்றும், சாதி வழக்கப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்தினார். நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்த அந்தப் பெண், அண்ணன் தம்பி உறவு முறிந்துவிடுமே என்று அஞ்சி வாய் மூடவில்லை. பசுவையும் ஆட்டையும் கொஞ்சுகிறோம், நாகபஞ்சமியன்று பாம்புக்கும் பால் வார்க்கிறோம், நம்மைப் போன்ற மனிதரை மட்டும் தொட மறுப்பது எந்த முறை என்று கேட்டார். தாயார் கண்ணீர் விட்டார். இவ்வளவையும் அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் கணவருக்கு எழுதிய மடலில் அம்மையாரே விவரித்துள்ளார். அதே மடலில், தாம் இல்லாமையால் பாத்திமாவுக்கு வேலைச் சுமை கூடியிருக்குமே என்றும் கவலைப்படுகிறார். உடல் நைகாவில், உள்ளமோ பூனாப் பள்ளியில்.

1868 ஆகஸ்டிலும் நைகாவிலிருந்து ஒரு மடல் எழுதினார். பிராமண இளைஞன் ஒருவனும் மகர்ப் பெண் ஒருத்தியும் காதலித்தனர், அவள் கருவுற்றிருந்தாள். ஊரார் இருவரையும் அடித்து இழுத்துச் சென்று கொல்ல முற்பட்டனர். சாவித்திரிபாய் ஓடோடிச் சென்று, ஆங்கிலேயர் சட்டத்தின் தண்டனையை நினைவூட்டித் தடுத்து, இருவரையும் பூனாவுக்குக் கணவரிடம் அனுப்பி வைத்தார். பிறந்த ஊர் என்பதற்காக அதன் கொடுமையை அவர் மூடி மறைக்கவில்லை. அதன்மேல் வைத்த பாசத்தையும் விடவில்லை.

தம் வயிற்றில் பிள்ளை இல்லாத அவ்விணையர், பிராமணக் கைம்பெண் ஒருவரின் மகன் யசுவந்தைத் தத்தெடுத்து வளர்த்தனர். 1889 இல், சத்தியசோதக முறைப்படி, புரோகிதர் இன்றி அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ராதாவைத் திருமணத்திற்கு முன்பே சாவித்திரிபாய் தம் இல்லத்திற்கு அழைத்து வந்து தங்க வைத்தார். மணமக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளட்டும், வீடும் பெண்ணுக்குப் பழகட்டும் என்பதே நோக்கம். அவள் படிப்புக்கும் வழி செய்தார். முகம் அறியாத வீட்டுக்கு ஒன்பது வயதில் வந்தவர், தம் மருமகளை அவ்வாறு வர விடவில்லை.

1890 இல் ஜோதிராவ் மறைந்தபோது, இறுதி ஊர்வலத்தில் தீச்சட்டி ஏந்தி முன்னே நடந்தவர் அம்மையாரே. 1897 இல் பூனாவைப் பிளேக் நோய் தாக்கியது. மருத்துவரான யசுவந்த் ஊருக்கு வெளியே சிகிச்சை நிலையம் அமைத்தார். முந்த்வா ஊரின் மகர் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த சிறுவன் ஒருவனைத் தோளில் சுமந்து அங்கே கொண்டு சேர்த்தார் சாவித்திரிபாய். அந்நோய் அவரையும் பற்றியது. அவ்வாண்டு மார்ச் 10 ஆம் நாள் இரவு அவர் உயிர் நீத்தார்.