திண்டுக்கல்லில் படித்த பையனும் ஒரே ஒரு மலையும்

காலை நடைக்குக் கிளம்பும்போது நம் மலைக்கோட்டையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். 1891-ல் இதே ஊரில் தங்கிப் படித்த ஒரு பையனைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். உங்களுக்குத் தெரிந்த பெயர் ரமண மகரிஷி.

பிறந்தது திருச்சுழியில், 1879 டிசம்பர் 30 அன்று. தந்தை சுந்தரமய்யர் வக்கீல்; தாய் அழகம்மாள். திருச்சுழியில் ஆரம்பப் படிப்பை முடித்துவிட்டு இங்கே வந்தார். அவருடைய பெரியப்பா சேஷய்யர் அப்போது திண்டுக்கல்லில்தான் இருந்தார். ஒருநாள் வீட்டார் எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். தனியாக இருந்த பையன் கதவைத் தாழிட்டுத் தூங்கிவிட்டான். திரும்பி வந்தவர்கள் கத்தினார்கள், கதவைத் தட்டினார்கள், பலன் இல்லை. எதிர்வீட்டுச் சாவியைக் கொண்டுதான் உள்ளே வர முடிந்தது. அடித்து எழுப்பியும் எழவில்லை. மறுநாள் காலை மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்கே விஷயம் தெரிந்தது! அப்போது வயது சுமார் 11.

1892-ல் தந்தை காலமானார். அதன்பின் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். 1896 ஜூலையில், 16 வயதில், திடீரென்று வந்த மரண பயம் அவரை முற்றிலும் மாற்றியது. ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, சீட்டு எழுதி வைத்துவிட்டு ரயில் ஏறினார். அந்த ரயில் நம் ஊர் வழியாகத்தான் திருச்சிக்குப் போனது. பெரியப்பா வீட்டில் இருந்து படித்த ஊரில் அவர் இறங்கவில்லை. கையில் காசு தீர்ந்தபின் சிறிது தூரம் நடந்து, கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். அதன்பின் சுமார் 54 ஆண்டுகள் அந்த ஊரை விட்டு அவர் போகவே இல்லை.

அங்கே அவருக்கு இருந்தது ஒரே மலை. உயரம் 814 மீட்டர். சுற்றிவர சுமார் 14 கிலோமீட்டர். 1899 முதல் 1916 வரை மலைமேல் விருபாட்ச குகையில் இருந்தார், பிறகு 1922 வரை கந்தாசிரமத்தில். ஏறுவதும் இறங்குவதும் சுற்றிவருவதும் அன்றாட வாழ்க்கை. கிரிவலத்தில் அவசரமே கிடையாது. மெதுவாக நடந்து, வழியில் தங்கி, சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட ஆகும்.

ஒருமுறை காட்டில் மிகப் பெரிய ஆலிலை ஒன்று கண்ணில் பட்டது. மரத்தைத் தேடிப் போனபோது தொடை ஒரு புதரில் இடித்தது. அதில் இருந்த குளவிகள் மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை. கூட்டைக் கலைத்தது தன் கால்தானே என்று, அவை ஓயும்வரை நின்றார். கால் வீங்கிப்போனது. ஆலமரத்தையும் பிறகு தேடவில்லை.

1922 மே மாதம் தாய் காலமானார். அடிவாரத்தில் அவருடைய சமாதிக்குத் தினமும் இறங்கி வந்துகொண்டிருந்தவர், அந்த ஆண்டு இறுதியில் அங்கேயே தங்கிவிட்டார். அதுதான் இன்றைய ரமணாசிரமம்.

இனி வருவதுதான் என் மனதில் நின்ற பகுதி. 1926-ல் அவர் கிரிவலத்தை நிறுத்திவிட்டார். அவர் கிளம்பினால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஆசிரமத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, தொலைவிலிருந்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தனக்கு மிகப் பிடித்த நடையை, பிறருக்குச் சிரமம் என்று விட்டார். மற்றவர்களை மட்டும் போய் வரச் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னாளில் மூட்டுவலி வந்து கைத்தடி தேவைப்பட்டபோதும், முடிந்தவரை மலைச்சரிவில் சிறிது நடந்து வருவார். 1950 ஏப்ரல் 14 இரவு, அந்த மலையடிவாரத்திலேயே அவர் மறைந்தார்.

நம்மில் பலர் விடுமுறை வந்தால் புதிய மலை தேடுகிறோம். கொடைக்கானல் சலித்தால் மூணாறு, மூணாறு சலித்தால் வேறொன்று. தவறில்லை. ஆனால் மலைக்கோட்டைக்கும் சிறுமலைக்கும் நீங்கள் கடைசியாகப் போனது எப்போது? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போய் வாருங்கள். அடுத்த மாதம் மறுபடியும் போங்கள். முட்டி வலிக்கிற பெரியவர் யாராவது உடன் வந்தால், அவருடைய வேகத்திலேயே நடங்கள்.