மாவு பூசி மேடை ஏறிய வீரர்: குத்துச்சண்டை வெற்றியாளர் ருக்கேலி

1933ஆம் ஆண்டு ஜூலை 21. பெர்லினில் குத்துச்சண்டை பார்க்க வந்தவர்கள், மேடை ஏறிய வீரரைக் கண்டு திகைத்துப் போனார்கள். கருகருவென்றிருந்த அவர் தலைமுடி பொன்னிறச் சாயத்தில் மின்னியது. உடம்பெல்லாம் வெள்ளை மாவு. அவர்தான் ஜொஹான் ட்ரோல்மன். வீட்டார் வைத்த செல்லப் பெயர் ருக்கேலி.

ஜிப்சிகள் என்று பிறர் அழைக்கும் ரோமா இனத்தில், ஜெர்மனியில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் சிந்தி பிரிவைச் சேர்ந்தவர் இவர். ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள். அவர்களின் மொழி இந்தி, பஞ்சாபி மொழிகளுக்கு உறவானது. அம்மொழியில் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் ருக்கேலி என்ற பெயர் வந்தது. நிமிர்ந்த உடற்கட்டு அவருக்கு.

1907 டிசம்பர் 27இல் பிறந்த ட்ரோல்மன், ஹானோவர் நகரின் ஏழைக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தார். எட்டு வயதிலேயே கையுறை மாட்டினார். வட்டாரப் போட்டிகளில் பல முறை வென்றும், 1928 ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டே தொழில்முறை வீரரானார். ஓரிடத்தில் நிற்காமல், நடனமாடுவதுபோல் கால் மாற்றி, அடிக்கு விலகித் திருப்பி அடிப்பது அவர் பாணி. ரசிகர்கள் கூட்டம் கூட்டமாய் வந்தார்கள். ஆனால் சில பத்திரிகைகள், அது ஜெர்மானியருக்கு உரிய ஆட்டமே அல்ல என்று ஏளனம் செய்தன.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத வீரர்கள் ஒதுக்கப்பட்டனர். யூதரான எரிக் சீலிக்கிடமிருந்து பறிக்கப்பட்ட லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஜூன் 9ஆம் தேதி அடோல்ஃப் விட்டுடன் ட்ரோல்மன் மோதினார். புள்ளிகளில் தெளிவாக முன்னணியில் இருந்தும், முடிவு இல்லை என்று அறிவிக்கச் சொன்னார் குத்துச்சண்டைச் சங்கத் தலைவர். கூட்டம் கொந்தளித்தது. வேறு வழியின்றிப் பட்டம் ட்ரோல்மனுக்கே வழங்கப்பட்டது. அவர் மேடையிலேயே கண்ணீர் விட்டார். சில நாட்களில் அந்தக் கண்ணீரையே குற்றமாக்கி, ஆட்டமும் மோசம் என்று சொல்லிப் பட்டத்தைப் பறித்தார்கள்.

அடுத்த போட்டி குஸ்தாவ் எடருடன். கால் மாற்றி ஆடினால் உரிமம் பறிபோகும் என்ற மிரட்டல் வந்தது. அதற்கு அவர் தந்த பதில்தான் அந்தப் பொன்னிறச் சாயமும் வெள்ளை மாவும். ஆட்சியாளர்கள் போற்றிய ஆரிய வீரனின் வேடத்தில் வந்து, நகராமல் நின்று அடிகளை வாங்கினார். ஐந்தாம் சுற்றில் சாய்ந்தார். அவருடைய தொழில்முறை வாழ்க்கையும் விரைவில் முடிந்துபோனது.

1935இல் திருமணம். ஒரு மகள் பிறந்தாள். இனி பிள்ளை பெறக்கூடாது என்று அரசு அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. மனைவியும் மகளுமாவது தப்பட்டும் என்று 1938இல் விவாகரத்து செய்துகொண்டார். அதே அரசு 1939இல் அவரைப் படையில் சேர்த்தது. கிழக்குப் போர்முனையில் காயம்பட்டுத் திரும்பியவரை, 1942இல் இனத்தைக் காரணம் காட்டி நீக்கி, ஹம்பர்க் அருகே நோயன்காம வதைமுகாமில் அடைத்தது.

பகலெல்லாம் கடும் வேலை. இரவில் காவலர்களுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி தர வேண்டும். உடல் எலும்பாய்த் தேய்ந்தது. உடனிருந்த கைதிகள் இரகசியமாகத் திட்டமிட்டு, 1943 பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டதாகப் பதிவு செய்து, வேறு பெயரில் விட்டன்பெர்க கிளை முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. கைதிகளை மேய்க்கும் எமில் கொர்னேலியுஸ் என்பவனுடன் மோத வைக்கப்பட்டார். அந்த மெலிந்த உடம்போடும் ட்ரோல்மன் வென்றார். தோற்ற அவமானம் தாங்காத கொர்னேலியுஸ், 1944இல் அவரை அடித்தே கொன்றான். அப்போது அவருக்கு வயது 36.

ரோமா மக்கள் மீது நடந்தது இனப்படுகொலை என்று மேற்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது 1982இல்தான். ட்ரோல்மன் வென்ற பட்டத்தை ஜெர்மனியின் குத்துச்சண்டைச் சங்கம் 2003இல் அங்கீகரித்து, வெற்றியாளர் பட்டயை உறவினரிடம் ஒப்படைத்தது. 2010இல் பெர்லின் பூங்கா ஒன்றில், சாய்ந்த குத்துச்சண்டை மேடை வடிவில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. அதன் பெயர் 9841. முகாமில் அவர் பெயரை அழித்துவிட்டுத் தந்த எண் அது.