கறிவேப்பிலையிற் பெயர் பெற்றவர்

நாம் நாள்தோறும் உணவிலிட்டு, உண்ணுங்கால் எடுத்தெறிந்துவிடும் கறிவேப்பிலைக்கு அறிவியலார் வழங்கும் பெயர் முராயா கோனிகி என்பது. இப்பெயரின் பிற்பகுதி தரங்கம்பாடியில் வாழ்ந்த மருத்துவர் ஒருவரைக் குறிக்கும். அவரே யோகான் கெர்ஹார்டு கோனிக் என்பார்.

பால்டிக் கடலையடுத்த லிவோனியாவில் 1728-ஆம் ஆண்டு பிறந்த இவர், உயிர்களுக்கு இருசொற்பெயர் வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசிடம் பயின்றவர். டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு 1768-இல் மருத்துவராக வந்தார். நோயாளரைப் பார்த்தது போக எஞ்சிய பொழுதெல்லாம் செடிகொடிகளையும் பூச்சிகளையும் தேடித் திரிவதிலேயே கழிந்தது. அவர் திரட்டிய பூச்சிகள் பலவற்றுக்கு ஐரோப்பாவிலிருந்த பபிரீசியசு என்னும் அறிஞர் பெயர் சூட்டினார். தரங்கம்பாடிச் சமயத் தொண்டர் சிலரும் அவரைக் கண்டு செடிநூலில் ஈடுபட்டனர். அவருள் இராட்லர் என்பவர் பிற்காலத்தில் தமிழ்–ஆங்கில அகராதியொன்று தொகுத்தமை தமிழ் பயில்வோர் அறியத்தக்கது.

கோனிக்கின் ஆராய்ச்சிகளுள் தலையாயது கறையானைப் பற்றியதென்றே கூறுவேன். வீட்டு மரத்தையும் ஏட்டுச்சுவடியையும் அரிக்கும் பகையென்று நாம் வெறுக்கும் அச்சிற்றுயிரின் வாழ்க்கையை அவர் பொறுமையுடன் நோக்கி, 1779-இல் கட்டுரையாக வெளியிட்டார். தஞ்சைப் பகுதி மக்கள் ஈசல் பிடிக்கும் முறையும் அதில் இடம்பெற்றது. புற்றில் இரு துளையிடுவர். காற்று வரும் பக்கத்துத் துளையருகே நாற்றப்பொருள்களைப் புகைப்பர்; எதிர்ப்பக்கத்துத் துளையில் மணமுள்ள தழையை உள்ளே தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவர். புகைக்கு அஞ்சிய ஈசல்கள் பானையுள் வந்து நிறையும். அவற்றை மாவுடன் கலந்து பண்டமாக்கி ஏழைகளுக்கு மலிவாக விற்பர். பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட எங்கள் உப்பிலியபுரம் பக்கத்து மாணவர்க்கு ஈசல் புதிதன்று. ஆயினும் எளியோர் உணவாயிற்றே என்று இகழாமல், அதனையும் அறிவுக்குரிய செய்தியாகக் கொண்டாரே, அதுதான் வியப்பு!

மருத்துவ ஊதியம் நெடும்பயணங்களுக்குப் போதவில்லை. ஆதலின் 1774-இல் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778-இல் கிழக்கிந்தியக் கும்பெனியிடமும் பணியேற்றார். கும்பெனியார் அவரைச் சயாமுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பினர். ஓயாத பயணம் உடலை வருத்தியது. 1785-இல் காக்கிநாடாவையடுத்த செகந்நாதபுரத்தில் சீதபேதியால் நலிந்தார். செடிநூல் வல்லவரான இராக்சுபரோ உடனிருந்து மருத்துவம் பார்த்தும் பயனில்லை. அவ்வாண்டு சூன் திங்களில் உயிர் நீத்தார்.

அச்சேறாத தம் குறிப்புகளையெல்லாம் இலண்டனிலிருந்த சோசப் பாங்க்சு என்பவர்க்கு உரிமையாக்கியிருந்தார். அவற்றுள் சயாம் பயணக் குறிப்பு, அவர் மறைந்து நூறாண்டுக்கு மேலான பின், 1894-இல் சிங்கப்பூரில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது.