பனிமலை வீரர் டென்சிங்

உலகின் மலைமுடிகளுள் மிக உயர்ந்தது எவரெஸ்டு. அதன் உயரம் 8,849 மீட்டர். 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், இருவர் அம்முடியின்மேல் ஏறி நின்று, உயிரோடு திரும்பினர். அவருள் ஒருவர் நியூசிலாந்து நாட்டவராகிய எட்மண்டு ஹில்லாரி. மற்றொருவர் டார்ஜிலிங் நகரில் வாழ்ந்த டென்சிங் நார்கே. அவ்வெற்றியை அறியாதார் இலர். ஆயினும், அவ்வெற்றிக்கு அடிநிலையாய் அமைந்த விழிப்பையும் பொறுமையையும் அறிந்தோர் சிலரே.

டென்சிங் 1914ஆம் ஆண்டிற் பிறந்தார். எவரெஸ்டுக்குத் தெற்கே, நேபாள நாட்டிலுள்ள கும்பு என்னும் பகுதியில் அவர்தம் இளமை கழிந்தது. அவர் செர்ப்பா இனத்தவர். பெற்றோர் கவரிமா மேய்த்து வாழ்ந்த எளிய மக்கள். பதின்மூன்று மக்களுள் டென்சிங் பதினோராமவர். எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும், பல மொழிகள் பேசும் திறம் பெற்றிருந்தார். இளமையிலேயே டார்ஜிலிங் சென்ற அவர், 1935ஆம் ஆண்டில் எவரெஸ்டை நாடிச் சென்ற ஆங்கிலேயர் குழுவிற் சுமையாளராகச் சேர்ந்தார். அன்று முதல் மலையே அவருக்குப் பள்ளியாயிற்று, பனியே பாடமாயிற்று.

மழைப்பருவம் தொடங்குமுன், இளவேனிற் பருவத்தின் இறுதியில், எவரெஸ்டின் உச்சியில் வீசும் கடுங்காற்றுச் சில நாள் தணியும். மலையேறுவோர் பெரும்பாலும் அந்நாள்களையே எதிர்நோக்கி இருப்பர். ஆனால், அப்பருவத்துப் பனி எளிதில் நம்பத் தக்கதன்று. இரவிற் குளிரால் இறுகிக் கல்போற் கிடக்கும் பனி, ஞாயிறு ஏற ஏற இளகும். பிளவுகளின்மேல் இயற்கையாய் அமைந்து காலையில் ஆளைத் தாங்கிய பனிப்பாலம், பிற்பகலில் இடிந்து வீழ்தலும் உண்டு. புதிதாய்ப் பெய்த பனி சரிவினின்றும் பெயர்ந்து பாயும். 1922ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், புதுப்பனி மூடிய சரிவொன்றில் ஏறிய சுமையாளர் எழுவர், அவ்வாறு பெயர்ந்த பனியால் மாண்டனர். ஆதலின், வைகறையிற் புறப்படுதல், வெயில் முதிருமுன் இடர்மிக்க இடங்களைக் கடத்தல், பனிக்கோடரியாற் குத்திப் பார்த்து அடி வைத்தல், ஒருவரோடொருவர் கயிற்றாற் பிணைந்து நடத்தல், பனியின் ஒளி கண்ணைக் கெடாதவாறு கறுப்புக் கண்ணாடி அணிதல் ஆகியன பனிமலை செல்வோர் கைவிடலாகா நெறிகளாம்.

1952ஆம் ஆண்டில் டென்சிங் சுவிட்சர்லாந்து நாட்டுக் குழுவினருடன் சென்றார். அவருக்கு உற்ற துணைவராய் அமைந்தவர் ரேமண்டு லம்பேர். முன்னொரு கால் மலையிற் கடுங்குளிருக்கு ஆட்பட்டுத் தம் கால்விரல்களை இழந்தவர் அவர். மே 27ஆம் நாள் இரவு, ஏறத்தாழ 8,400 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு கூடாரத்தில் இருவரும் தங்கினர். உறங்குதற்குரிய பையும் இல்லை, அடுப்பும் இல்லை. மெழுகுவத்திச் சுடரிற் பனியை உருக்கி நாவை நனைத்தனர். உறங்கினால் உடல் விறைத்துவிடும் என அஞ்சி, ஒருவரையொருவர் தட்டியும் தேய்த்தும் விடியும்வரை விழித்திருந்தனர். மறுநாள் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை ஏறினர். அதற்குமுன் அத்துணை உயரம் ஏறித் திரும்பினார் என்று அறியப்பட்டவர் எவரும் இலர். முடியோ இன்னும் 250 மீட்டர் அளவே எஞ்சியிருந்தது. ஆனால், மூச்சுக்குத் துணைசெய்யும் கருவி பழுதுற்றது, உடல் வலியிழந்தது. மேலே செல்லின் மீளுதல் அரிது என உணர்ந்த இருவரும் திரும்பினர். புகழ் கைக்கு எட்டும் அளவில் நிற்க, அதனை விடுத்து உயிரைப் போற்றித் திரும்புதல் எளிய செயலன்று. ஏறுதற்கு வேண்டும் துணிவினும் அதற்கு மிக்க துணிவு வேண்டும்.

அடுத்த ஆண்டு, ஜான் ஹண்டு என்பார் தலைமையில் டென்சிங் மீண்டும் சென்றார். ஒருநாள், பனிப்பாறைகள் சிதறிக் கிடந்த சரிவில், ஹில்லாரி பிளவொன்றைத் தாண்டினார். அவர் கால் வைத்த பனிக்கட்டி பெயர்ந்தது; அவர் பிளவினுள் வீழ்ந்தார். பின்னே நின்ற டென்சிங், இமைப்பொழுதில் தம் பனிக்கோடரியைப் பனியில் ஊன்றிக் கயிற்றை அதிற் சுற்றி இறுக்கினார். ஹில்லாரி உயிர் பிழைத்தார். அன்று முதல் இருவரும் இணைபிரியாத் துணைவராயினர்.

மே 28ஆம் நாள் இரவு, இறுதிப் பாசறையில் இருவரும் தங்கினர். ஹில்லாரி கழற்றி வைத்த காலணிகள் விடியுமுன் உறைந்து இறுகிவிட்டன. அவற்றை அடுப்பிற் காட்டி இளகச் செய்ய நெடுநேரம் சென்றது. டென்சிங்கோ தம் காலணிகளைக் கழற்றாமலே படுத்திருந்தார். சிறு செயலாயினும், நெடுநாட் பழக்கம் தந்த அறிவு அது. காலை ஆறரை மணிக்குப் புறப்பட்ட அவ்விருவரும் பதினொன்றரை மணிக்கு முடியை அடைந்தனர். டென்சிங் தம் சமய மரபின்படி சிறிது உணவுப் பொருளைப் பனியிற் புதைத்து வழிபட்டார். கால்மணி நேரமே அங்கு நின்றனர். ஏறுதலினும் இறங்குதலில் விழிப்பு மிகுதியும் வேண்டும் என்பதை அவர்கள் மறந்தாரல்லர். ஏறும்போது வெட்டிய படிகளிலேயே அடி வைத்து, மெல்ல மெல்ல இறங்கினர்.

1954ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் இமயமலையேற்றப் பயிற்சி நிலையம் நிறுவப்பெற்றது. டென்சிங் அதன் களப்பயிற்சிக்கு முதல் தலைவரானார். பள்ளி காணாத அவர், பல்லாண்டுகள் இளைஞர் பலருக்கு ஆசிரியராய் விளங்கினார். 1959ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! டென்சிங் ஏழுமுறை எவரெஸ்டை நாடிச் சென்றவர். அவற்றுள் ஆறுமுறை முடியைக் காணாமலே திரும்பியவர். உயிரோடு திரும்பியமையாலன்றோ ஏழாம் முறையும் அவரால் ஏற முடிந்தது? நீங்களும் மலைவழிச் செல்லுங்கால், வானமும் வழியும் உடலும் இடங்கொடாவிடின், நாணாது திரும்புக. மலை அங்கேதான் இருக்கும். மற்றொரு நாள் மீண்டும் செல்லலாம்.